உள்வட்டம்

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இன்று விடியற்காலை
வெங்காய லாரி ஒன்று வளைவைத் தவறவிட்டது.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
டயர்த் தடத்தை அளந்தேன்: முப்பத்தோரு மீட்டர்.
நாற்பதில்தான் வந்தேன் என்றான் டிரைவர் மாதேஷ்.
பின்னால் வந்த வேன்காரர் எண்பது என்றார்.
காய்ந்த ரோடென்றால் தடம் எழுபது சொல்லும்,
ஈரமென்றால் ஐம்பத்தைந்து.
தூறியது என்கிறார் டீக்கடைக்காரர்.
டோல்கேட்டில் ஒரு சொட்டும் இல்லையாம்.
கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தான்.
அவன் ஒருவன்தான் எதையும் சத்தியம் செய்யவில்லை.

இரவு, தர்மபுரி, பென்னாகரம் ரோட்டு மாடி அறை.
சாம்பார் ஆடை கட்டுகிறது.
வேறு இரண்டு வண்டிகளை மேசையில் விரிக்கிறேன்.
ஸ்பிட்ஃபயர். மெசர்ஷ்மிட்.
எண்பது வருஷத்துக்கு மேலாகியும்
முடியாத கேஸ்:
எது சின்ன வட்டம் போட்டது?

ஆங்கிலேயர் அறிக்கை திடமாகப் பேசுகிறது.
பிடிபட்ட மெசர்ஷ்மிட்டை ஓட்டிப் பார்த்தார்கள்,
தங்கள் விமானமே உள்ளே திரும்பிற்று.
அந்தத் 'தங்கள்' வரும் இடத்தில்
எங்களுடையது என்று எழுதுவதா, நம்முடையது என்றா?
யுத்த நிதிக்கு இந்தப் பக்கத்திலும் வசூல் நடந்திருக்கும்.
ஒரு ஆணி நம் காசாக இருக்கலாம்.
பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
மின்விசிறியைப் பார்த்தேன்.

மெசர்ஷ்மிட் இறக்கையின் முன்விளிம்பில் சிறு தகடுகள்.
வளைவு இறுக இறுக
அவை தாமாகத் திறந்துகொள்ளும்;
கைப்பிடி ஒரு உதறு உதறும்.
புதியவன் அங்கே பிடியைத் தளர்த்துவான்.
பழகியவனுக்கு அங்கேதான் ஆரம்பம்.
ஓட்டிப் பார்த்தவன் எத்தனை நாள் பழகியிருந்தான்?
என் கையிலுள்ள நகலில் அது இல்லை.

கிழப்பருவத்தில் ஒரு ஜெர்மன் விமானி:
அவர்களை நான் எப்போதும் உள்வட்டத்தில் பிடித்தேன்.
எப்போதும்.
அந்தச் சொல்லைச் சொல்லும் சாட்சியிடம்
நான் கையெழுத்து வாங்குவதில்லை.

ரஷ்யர்களிடம் அட்டவணை இருக்கிறது.
ஆயிரம் மீட்டர் உயரம், ஒரு முழுச் சுற்று, இத்தனை வினாடி.
கோடு போட்ட சுத்தமான கட்டங்கள்.
போன வருஷம் பாலக்கோட்டில் நான் பார்த்த
பிரேக் சர்ட்டிஃபிகேட்டும் இதே சுத்தம்.
பெட்ரோல் எவ்வளவு இருந்தது, இஞ்சினுக்கு என்ன வயது,
இறக்கைக்கடியில் கூடுதல் பீரங்கி தொங்கியதா?

சரி என்று எடையைப் பரப்பால் வகுத்தேன்.
கணக்கு ஸ்பிட்ஃபயர் பக்கம் சாய்ந்தது.
ஆனால் கணக்குக்குக் கழுத்து கிடையாது.
ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் கறுக்கையில்
எவன் இன்னும் ஒரு விரற்கடை இழுத்தான் என்பது
வகுத்து வருவதில்லை.

பதினோரு மணிக்கு ஓசூரிலிருந்து திம்மராயன்.
லேத் பட்டறை ஷிஃப்ட் முடிந்து, வாயில் பன்னோடு பேசுகிறான்.
அவன் மெசர்ஷ்மிட் கட்சி.
"ஒத்துக்கிட்டியா?"
"இல்ல."
"இன்னும் எத்தன பேப்பர்டா வேணும் உனக்கு?"
"வட்டத்த முடிக்காதவன் எழுதினது ஒண்ணு."
அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது.
பிறகு மாம்பழக் கூழ் ஃபாக்டரி லாரிகளைப் பற்றிப் பேசினோம்.

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. கிளீனர் பையன்.
பேர் சின்னமுத்து, ஊர் அரூர் பக்கம்.
"சார், ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.
தூக்கத்துலயே கதவுப் பக்கம் உருண்டேன்.
மொதல்ல மெதுவாத்தான் சார் உருண்டேன்.
அப்புறம் தெரியல."

பாரத்தில் வேகம் என்ற கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்:
முதலில் மெதுவாக.

மேசையில் மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன.
இரண்டிலும் ஒற்றை இருக்கை.
கிளீனர் கிடையாது.